மனப்பூர்வமாய்ச் செய்யும் வேலை: தாதிமை படிக்க விரும்பும் மகளின் தாயாருக்கு

அன்புள்ள சகோதரி அவர்களுக்கு,

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்புக்கான தொடக்கக்கல்லூரியில் இடம் கிடைக்கும் அளவுக்குத் தேர்ச்சி இருந்தும் உங்கள் மகள் தாதிமைப் பட்டயப்படிப்பில்தான் சேருவேன் என்கிறாள் என்றும், அந்த வேலையில் அவள் மகிழ்ச்சியாக இருப்பாளா, கர்த்தருடைய சித்தம் இதுதானா என்று எண்ணி உறக்கமின்றித் தவிக்கிறீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. பிள்ளைக்காக ஜெபிக்கும் தாயின் கவலை அது.

அழைப்பு என்றாலே போதகரையும் மிஷனெரியையும் நினைத்துப் பழகிவிட்டோம். தேவ ஆவியால் நிரப்பப்பட்டவன் என்று யாத்திராகமம் 31ஆம் அதிகாரம் சொல்லும் பெசலெயேலோ ஆசாரியன் அல்லன். பொன்னிலும் வெண்கலத்திலும் மரத்திலும் வேலை செய்த கைவினைஞன். ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தும் பணியும் பாவம் நுழைவதற்கு முன்பே மனிதனுக்குக் கொடுக்கப்பட்டது. ஆகவே, உங்கள் மகள் ஊழியத்தை விட்டு உலக வேலைக்குப் போகிறாள் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள்.

பிடித்த வேலை கிடைத்தால் மனம் தானாக ஒன்றிவிடும் என்று மாணவர்கள் என்னிடம் சொல்வதுண்டு. கொலோசெயர் 3ஆம் அதிகாரத்தில் பவுல் 'மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்' என்று எழுதியதோ அடிமைகளுக்கு. தங்கள் வேலையைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இல்லாதவர்களுக்கு. பார்வைக்கு ஊழியம் செய்யாதிருங்கள் என்று அதே இடத்தில் அவர் சொல்வது, தாதிமைக்கென்றே எழுதியதுபோல் எனக்குத் தோன்றும். படுக்கையிலேயே கிடக்கும் முதியவருக்குப் புண் வராமலிருக்க, அதிகாலை மூன்று மணிக்கு அவரைப் பக்கம் மாற்றிப் படுக்க வைக்கும் தாதியை யாரும் பார்ப்பதில்லை. அந்த முதியவருக்கே காலையில் அது நினைவிருக்காது. அந்த வேளையிலும் கை மென்மையாக இருக்குமானால், அதற்கான மகிழ்ச்சி பாராட்டிலிருந்து வந்ததாக இருக்க முடியாது. தாம் யாருக்காக இதைச் செய்கிறோம் என்ற அறிவிலிருந்தே அது வரும்.

இதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். எஜமான்கள் நீதியும் செவ்வையுமாக நடக்க வேண்டும் என்று 4ஆம் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே பவுல் எழுதுகிறார். ஆகவே மனப்பூர்வம் என்பது அநியாயத்தைச் சகித்துக்கொண்டிருப்பதாகாது. நாளை அவள் களைத்துப்போய் வீடு திரும்பும்போது, 'விசுவாசம் குறைந்துவிட்டதா' என்று தயவுசெய்து கேட்காதீர்கள். சாப்பாடு போட்டு உறங்க விடுங்கள்.

ஞாயிறு ஆராதனை தவறிப்போகுமே என்றும் கேட்டிருந்தீர்கள். மருத்துவமனைக்கு ஞாயிறு விடுமுறை இல்லை. சில வாரங்கள் தவறத்தான் செய்யும். ஆனால் சூம்பின கையுடையவனை இயேசு குணமாக்கியதே ஓய்வுநாளில்தான். சனிக்கிழமை மாலையில் வழிபாடு நடத்தும் சபைகளும் சிங்கப்பூரில் இருக்கின்றன.

படிப்பைப் பொறுத்தவரை, நன்யாங், நீ ஆன் ஆகிய பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் மூன்றாண்டுத் தாதிமைப் பட்டயப்படிப்பு உண்டு. தொடக்கக்கல்லூரிக்குப் போனாலும் கதவு அடைபடாது. பின்னர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தாதிமைப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். இரு வகைக் கல்லூரிகளுக்கும் பொதுவான கூட்டுச் சேர்க்கை விண்ணப்பத்தில் 12 விருப்பங்கள் வரை வரிசைப்படுத்தலாம் என்பதால், தொடக்கக்கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி ஆகிய இரண்டு வழிகளையும் ஒரே படிவத்தில் குறிப்பிடலாம். எது முதலில் வரவேண்டும் என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

அதற்கு முன், முடிந்தால் சில வாரங்கள் ஒரு தாதிமை இல்லத்தில் அவள் தொண்டூழியம் செய்யட்டும். ஊட்டிவிடுவதும் துடைப்பதும் ஒரே கேள்விக்குப் பத்து முறை பதில் சொல்வதும் அங்குள்ள அன்றாடப் பணி. திரும்பி வந்ததும் 'பிடித்ததா' என்று கேட்காதீர்கள். அங்கே சந்தித்த ஒருவரைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேளுங்கள். பிறகு அவளையும் அழைத்துக்கொண்டு என்னைப் பார்க்க வாருங்கள்.