38 வயதில் காவலர் தேர்வு

வணக்கம் சார். ராணுவத்தில் அவில்தாராக ஓய்வு பெற்று வந்த உங்களுக்கு 38 வயது தாண்டிவிட்டதே என்ற கவலை வேண்டாம். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் முன்னாள் ராணுவத்தினருக்கு வயது வரம்பு 47; 5% இடஒதுக்கீடும் உண்டு. ஓட்டம், தாண்டுதல் உங்களுக்குப் பழகியதுதான்.

நான் பயப்படுவது தமிழ்த் தகுதித் தேர்வுக்கு. 80க்கு 32 வாங்காவிட்டால் 70 மதிப்பெண் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். வருஷக்கணக்கில் இந்தியிலேயே பேசிப் பழகியவருக்குப் பிரித்தெழுதுக, எதிர்ச்சொல் எல்லாம் மறந்திருக்கும். ஆறு முதல் பத்து வரை பள்ளித் தமிழ்ப் புத்தகங்களை இன்றே எடுங்கள்.

இன்னொன்று, மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்: உங்களைவிடப் பத்து வயது இளைய எஸ்ஐக்கு நீங்கள் சல்யூட் அடிக்க வேண்டிவரும். ராணுவப் பணி முடிந்ததற்கான டிஸ்சார்ஜ் புக் நகலை இப்போதே எடுத்து வையுங்கள் சார்.