ஸ்டெட்டின் பக்கத்து ஊர்

வணக்கம் ஐயா,

பழைய பத்திரங்களைப் படிப்பது பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். பதினாறு வருடங்களாக அமெரிக்காவில், மில்வாக்கியில் இருக்கிறேன். கணவர் வீட்டார் ஜெர்மன் வம்சாவளி. மாமியாருக்கு இப்போது 81 வயது. தன் கொள்ளுத்தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார் என்று தெரிந்துகொள்ள ரொம்ப நாளாக ஆசைப்படுகிறார். 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிறந்த இடம் 'பிரஷ்யா' (அந்தக் காலத்து ஜெர்மன் ராஜ்யம்) என்று இருக்கிறது. 1869இல் அவர் கொடுத்த குடியுரிமை விண்ணப்பத்தில் பிரஷ்ய மன்னருக்கான விசுவாசத்தைத் துறக்கிறேன் என்பதைத் தவிர வேறு விவரமே இல்லை. ஆங்கிலப் பத்திரிகையின் இரங்கல் குறிப்பில் 'ஸ்டெட்டின்' என்று பார்த்ததும் அந்த நகரத்தின் தேவாலயப் பதிவேடுகளில் கிடைத்த அத்தனையையும் தேடினேன். அவர் இல்லை. இத்தோடு விட்டுவிடுவதா?

எஸ்., மில்வாக்கி

அன்புள்ள எஸ்.,

விட வேண்டாம். ஆனால் கொஞ்ச நாளைக்கு ஐரோப்பாவை மறந்துவிடுங்கள். நீங்கள் தேடும் ஊர்ப்பெயரை மில்வாக்கியிலேயே யாரோ எழுதிவைத்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

தூரதேசத்தில் ஒருவர் 'உங்களுக்கு எந்த ஊர்?' என்று கேட்டால் நாம் கிராமத்தின் பெயரையா சொல்கிறோம்? மதுரைப் பக்கம், தஞ்சாவூர்ப் பக்கம் என்கிறோம். அவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். போதாததற்கு, ஸ்டெட்டின் என்பது நகரத்துக்கு மட்டுமான பெயர் அல்ல. பிரஷ்யாவின் பொமரேனியா மாகாணத்தின் மூன்று நிர்வாகப் பிரிவுகளில் ஒன்றுக்கும் அதே பெயர்தான். கம்மின், கிரைஃபென்பெர்க், நவ்கார்ட், ரேகன்வால்டே வட்டங்களெல்லாம் அதற்குள் அடக்கம். மில்வாக்கிக்கு வடக்கே ஃப்ரைஸ்டாட்டில் 1839இலேயே பொமரேனிய லூத்தரன்கள் வந்து குடியேறிவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் சொந்தக்காரர்களும் ஊர்க்காரர்களும் இருந்த இடம் பார்த்து வந்தார்கள். அதனால் உங்கள் மாமியாரின் கொள்ளுத்தாத்தாவும் ஏதோ ஒரு கிராமத்து ஆளாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

'பிரஷ்யா' என்ற சொல்லை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஜெர்மனி என்ற ஒரே தேசம் உருவானதே 1871இல்தான். உதாரணத்துக்கு, ஹானோவர் 1866 வரை தனி ராஜ்யம், அந்த வருடம் பிரஷ்யா அதை இணைத்துக்கொண்டது. ஒரே ஆள் 1860 கணக்கெடுப்பில் ஹானோவர் என்றும் 1880இல் பிரஷ்யா என்றும் சொல்லியிருக்கலாம், இரண்டும் சரி. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒஹையோவில் இருக்கும் நண்பர் குடும்பத்தின் மூதாதை ஒருவரைத் தேடியபோது, 'ஹானோவர்' என்றதும் நகரம் என்று எடுத்துக்கொண்டு எட்டு மாதம் அந்த நகரத்துப் பதிவேடுகளிலேயே கிடந்தேன். கடைசியில் ஊர்ப்பெயர் கிடைத்தது அந்த மூதாதையின் கல்லறையில் அல்ல. அவரது முதல் குழந்தைக்கு ஞானத்தாயாக நின்ற பெண்ணின் கல்லறையில், 'கெபோரன் இன்' (பிறந்த ஊர்) என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் அவருடைய தங்கை.

அதனால்தான் சொல்கிறேன், அவரை மட்டும் தேடாதீர்கள். தம்பி, தங்கை, மனைவியின் அண்ணன், கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், கணக்கெடுப்பில் பக்கத்து வீட்டில் இருப்பவர் என்று எல்லோரையும் தேடுங்கள். இவருக்கு ஊர்ப்பெயர் எழுதாத பாதிரியார் அவர்களில் ஒருவருக்கு எழுதியிருப்பார்.

இதில் முக்கியமானது தேவாலயம்தான். குடும்பம் எந்த லூத்தரன் சபையில் இருந்தது என்று கண்டுபிடியுங்கள். குடியுரிமை விண்ணப்பத்தை வாங்கும் நீதிமன்ற எழுத்தருக்கு மன்னரின் பெயர் போதும். ஜெர்மன் பாதிரியாருக்கோ ஊரும் வட்டமும் தெரிந்த பெயர்கள், அடக்கப் பதிவேட்டில் இரண்டையும் சேர்த்தே எழுதுவது பலருக்கு வழக்கம். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பாருங்கள். இரங்கல் குறிப்பையும் ஆங்கிலப் பத்திரிகையோடு நிறுத்தாதீர்கள். மில்வாக்கியில் அப்போது ஜெர்மன் நாளிதழ்கள் இருந்தன, அவற்றில் ஊர் விவரம் கூடுதலாக வரும்.

கப்பல் பட்டியல் விஷயத்தில் துறைமுகத்தைப் பொறுத்தே அதிர்ஷ்டம். ஹாம்பர்க் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரை கிடைக்கின்றன, கடைசியாகக் குடியிருந்த ஊரும் அதில் இருக்கும். நேராக அமெரிக்கா போனவர்களுக்கு ஒரு பட்டியல், இங்கிலாந்தில் இறங்கி வேறு கப்பல் ஏறியவர்களுக்குத் தனிப் பட்டியல். இரண்டாவதைப் பலர் பார்ப்பதே இல்லை. பிரெமன் வழியாக வந்திருந்தால் அந்தக் காலத்துப் பட்டியல் கிடையாது. இடமில்லை என்று பழையவற்றை பிரெமன் அதிகாரிகளே அழித்தார்கள், மீதி இரண்டாம் உலகப் போரில் போனது. அந்த இழப்பை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

அப்புறம், பெயர். யோஹான் ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம் என்று ஞானஸ்நானம் பெற்றவரை ஊரே வில்ஹெல்ம் என்றுதான் கூப்பிட்டிருக்கும், அமெரிக்காவில் அவர் வில்லியம். யோஹான் என்று தேடி வேறு யாரையாவது பிடித்துவிடாதீர்கள்.

ஊர்ப்பெயர் கிடைத்ததும் 1912இல் வெளியான மேயர்ஸ் ஊர் அகராதியில் பாருங்கள், இணையத்தில் இலவசமாக இருக்கிறது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள் அதில் உண்டு. ஒரே பெயரில் பல ஊர்கள் வரும், வட்டத்தின் பெயர்தான் பிரித்துக் காட்டும். பிரஷ்யாவில் அரசுப் பதிவு தொடங்கியது 1874 அக்டோபரில்தான் என்பதால் அவர் பிறப்புக்குத் தேவாலயப் பதிவேடு ஒன்றே வழி. 1945க்குப் பிறகு போலந்துக்குப் போன பகுதிகளில் ஊர்ப்பெயர்களெல்லாம் போலிஷ் பெயர்களாகிவிட்டன. ஸ்டெட்டின் இப்போது ஷ்செச்சின், வாங்கெரின் என்ற சிறு நகரம் வெங்கோஜினோ. போரில் பல பதிவேடுகள் அழிந்துவிட்டன என்பதையும் மாமியாரிடம் முன்பே சொல்லிவையுங்கள். ஞானஸ்நானப் பதிவு கிடைக்காமல் போகலாம், ஊர் கிடைக்கும்.

அடக்கப் பதிவேட்டின் பக்கம் கையில் வந்தால் படமெடுத்து அனுப்புங்கள். பழைய ஜெர்மன் கையெழுத்தில் 'e' எழுத்து பார்க்க 'n' போலவே இருக்கும், அதில் ஊர்ப்பெயரே மாறிவிடும். முழுப் பக்கத்தையும் எடுங்கள். அதே பாதிரியார் மற்ற வரிகளில் எழுதிய எழுத்துகளோடு ஒப்பிட்டால்தான் அந்த ஒரு பெயரைச் சரியாகப் படிக்க முடியும்.