புது வருஷத்துல இயேசுவுக்கு என்னை எப்படி ஒப்புக்கொடுக்கிறது?

வருஷா வருஷம் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைல அழுது ஜெபிக்கிறேன், ஜனவரி பாதியிலயே எல்லாம் பழையபடி ஆயிடுது, இந்த தடவையாவது உண்மையா ஒப்புக்கொடுக்கணும்னு கேட்டிருக்கீங்க.

உங்க கண்ணீர் பொய்யின்னு நான் நினைக்கல. ஆனா அந்த ராத்திரி நாம பண்ற ஜெபத்துல முக்கால்வாசி லிஸ்ட்தான், வேலை வேணும், சுகம் வேணும், கடன் தீரணும், பசங்க நல்லா இருக்கணும். கேக்கறது தப்பில்ல, கேளுங்கள்னு சொன்னதே இயேசுதான். என்ன, கேட்டு முடிச்சதும் கொடுத்துட்ட மாதிரி ஒரு திருப்தி வந்துடுது, அங்கதான் சிக்கல்.

மெத்தடிஸ்ட் சபைகள்ல புது வருஷத்தை ஒட்டி உடன்படிக்கை ஆராதனைன்னு ஒண்ணு நடத்துவாங்க. 1755 ஆகஸ்ட்ல, மெத்தடிஸ்ட் இயக்கத்தை தொடங்கின ஜான் வெஸ்லி லண்டன்ல ஆரம்பிச்சது. எனக்கு பிடிச்சது என்னன்னா அவர் ஒரே ராத்திரில எல்லாரையும் உருக வச்சு எழுப்பி நிறுத்தல, முதல்ல பல நாள் காலைல இது எப்படிப்பட்ட ஒப்பந்தம்னு விளக்கியிருக்கார், வெள்ளிக்கிழமை நிறைய பேர் உபவாசம் இருந்திருக்காங்க, அப்புறம் திங்கக்கிழமை சாயங்காலம் கூடினப்போ சுமார் 1800 பேர் எழுந்து நின்னு சம்மதம் சொல்லியிருக்காங்க. இப்போ அந்த ஆராதனைல சொல்ற ஜெபத்தோட சாரம் இதுதான்: நான் இனி எனக்கு சொந்தமில்ல, உமக்குத்தான், என்னை உபயோகப்படுத்தினாலும் சரி, ஓரமா ஒதுக்கி வச்சாலும் சரி. அந்த ரெண்டாவது பாதி இருக்கே, அதை வாய்விட்டு சொல்லிப் பாருங்க, தொண்டைல சிக்கும். ஊழியத்துல இருக்கிறவங்களுக்கு இன்னும் அதிகமா சிக்கும் (மைக் கிடைக்கலன்னா முகம் தூக்கி வச்சுக்கிறவங்கள எல்லா சபையிலயும் பாக்கலாம்).

அதனால 31 வரைக்கும் காத்திருக்காதீங்க, நாலஞ்சு நாள் முன்னாடியே தனியா உக்காருங்க. முதல்ல ஸ்தோத்திரம், சாமுவேல் கல்லை நிறுத்தி எபெனேசர்னு பேர் வச்ச மாதிரி இம்மட்டும் உதவி செஞ்சதை ஒவ்வொண்ணா சொல்லுங்க. அப்புறம் "என்னை முழுசா தரேன்"னு பொத்தாம்பொதுவா சொல்லாம பேர் சொல்லிக் கொடுங்க, ராத்திரி ஃபோன் பாக்கிற நேரம், சம்பளத்துல யாருக்கும் தெரியாம செலவாகிற பகுதி, யாரோ ஒருத்தர் மேல இருக்கிற கசப்பு, எதை சொல்ல தயங்குறீங்களோ அதையே முதல்ல சொல்லுங்க.

ஜனவரி 1ம் சும்மா காலண்டர் தேதி மட்டும் இல்ல. டிசம்பர் 25ல இருந்து எண்ணினா எட்டாம் நாள், லூக்கா 2:21ல குழந்தைக்கு விருத்தசேதனம் பண்ணி இயேசுன்னு பேர் வச்ச நாளா பல சபைகள் இதை ஆசரிக்குது. அந்த பேரை சொல்லி வருஷத்தை ஆரம்பிக்கலாம், நல்லாத்தான் இருக்கு.

ஜனவரி பாதில அணைஞ்சு போற விஷயத்துக்கு வரேன். லேவியராகமம் 6ல பலிபீடத்து நெருப்பு அணையக்கூடாதுன்னு சொல்லிட்டு, ஆசாரியன் காலைதோறும் அதுல விறகு போடணும்னு இருக்கு. நெருப்புக்கே தினமும் விறகு வேணும்னா நம்ம ஒரு ராத்திரி ஜெபம் எப்படி 12 மாசம் எரியும்? காலைல பத்து நிமிஷம் போதும், அதே ஒப்புக்கொடுத்தலை அன்னைக்கு இருக்கிற வேலை, சந்திக்கப்போற ஆளுங்க பேரைச் சொல்லி திரும்ப சொல்லுங்க. வேதம் வாசிக்க ஆதியாகமத்துல வேகமா ஆரம்பிச்சு அதே லேவியராகமத்துல நின்னு போறவங்கதான் நிறைய, நீங்க மாற்குல ஆரம்பிங்க, 16 அதிகாரம்தான், ஜனவரிக்குள்ள தாராளமா முடியும்.

இன்னொண்ணு, மத்தேயு 5:23, 24 படிச்சிட்டு ஆராதனைக்கு போங்க. உங்க மேல யாருக்காவது குறை இருந்தா காணிக்கையை பலிபீடத்து முன்னாடியே வச்சிட்டு முதல்ல போய் ஒப்புரவாகுன்னு இயேசுவே சொல்லியிருக்கார், அதனால அந்த ஃபோன் காலை 30ம் தேதியே பண்ணிடுங்க, அவங்க எடுக்கலன்னா மெசேஜாவது போட்டு வைங்க.