கொடியேறின பிறகு வாங்கின நண்டு

தங்கச்சி, கணவர் வேலைக்காகத் திருச்சியை விட்டு யாழ்ப்பாணம் வருவதாகவும், சொந்தபந்தம் இல்லாத ஊரில் இரண்டு பேரும் எங்கே போவது, பிறந்தநாள் கல்யாணநாள் வந்தால் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் தஞ்சாவூர்க்காரி. இங்கே வந்து ஏழு வருஷமாகிறது.

ராத்திரி ஒன்பது மணிக்குக் கிளம்பி ஊர் சுற்றுகிற பழக்கம் இருந்தால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். இங்கே கடைகளைச் சீக்கிரம் சாத்திவிடுவார்கள். எங்கள் சுற்றலெல்லாம் சாயங்காலம் ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில்தான். ஸ்கூட்டரை எடுத்தால் பண்ணை. தீவுகளுக்குப் போகிற தெரு கடலுக்குள் இறங்குகிற இடம் அது. கடல் என்று பேர், ஆனால் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துகொண்டே வலை போடுவார்கள். பக்கத்தில் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், பிடித்து ஐங்கோணமாகப் பெருப்பித்தார்கள். அந்த மதில்மேல் நின்று பொழுது சாய்வதைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை. மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு அக்கா, "நேற்று உங்களைப் பண்ணையடியில கண்டனான்" என்பார். வேவு இல்லை, விசாரிப்புதான். இருந்தாலும் கைகோர்த்து நடப்பதைக் குறைத்துக்கொண்டோம்.

தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தால் கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், பற்றிஸ், வடை வைத்துவிட்டுப் போவார்கள். சோட்டீஸ் என்று பெயர். தின்றதற்கு மட்டும் காசு. இது தெரியாமல் முதல் நாள் என் வீட்டுக்காரர், வைத்ததை வீணாக்கக்கூடாதென்று ஏழு தின்றார்.

இங்கே எங்களுக்கு வந்த முதல் கல்யாணநாள் ஆவணியில். சந்தையில் உயிர் நண்டு வாங்கி வாளியில் கொண்டுவந்தார். அது வாளியைச் சுரண்டுகிற சத்தம் கேட்டு வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார். "பிள்ளை, நல்லூரில கொடியேறியிட்டுதெல்லே. இந்த வளவுக்குள்ள இப்ப மச்சம் காய்ச்சிறேல்லை" என்றார். நமக்கு மச்சம் என்றால் கன்னத்தில் இருப்பதுதானே? நான் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இங்கே மீன், இறைச்சி எல்லாவற்றுக்கும் அதுதான் சொல். கொடியேறினால் நல்லூர் முருகன் கோயில் திருவிழா தொடங்கிவிட்டது என்று அர்த்தம். திருவிழா 25 நாள், பல வீடுகளில் அத்தனை நாளும் மரக்கறிதான். திருவிழா இல்லாத காலத்திலும் வெள்ளிக்கிழமை அப்படித்தான். கடைசியில் வாளியோடு குருநகருக்குப் போய், என் வீட்டுக்காரரோடு வேலை செய்கிற வேதக்கார (கிறிஸ்தவ) நண்பர் வீட்டில் நண்டைக் கொடுத்துவிட்டு நல்லூருக்குப் போனோம். கோயிலுக்குள் ஆண்கள் மேல்சட்டையோடு போக முடியாது. அன்றைக்கென்று எடுத்த புதுச்சட்டை முழு நேரமும் என் தோளில்தான் கிடந்தது. வெளியே வந்து கோயிலடியில் ஆளுக்கொரு ஐஸ்கிரீம். அதற்குப் பிறகு எல்லாக் கல்யாணநாளுக்கும் அந்த ஐஸ்கிரீம்தான். நண்டு, திருவிழா முடிந்த பிறகுதான் வரும்.

பிறந்தநாள் என்றால் கேக் வெட்டாமல் விடமாட்டார்கள். பெரியவர்களுக்கும்தான். வெட்கப்படாமல் வெட்டிவிடுங்கள்.

முழு நாள் கிடைத்தால் நெடுந்தீவு. ஒவ்வொரு பௌர்ணமியும் இங்கே போயா விடுமுறை, மாதம் ஒரு நாள் உறுதி. குறிகட்டுவான் வரை பஸ், அங்கிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். காட்டுக்குதிரைகள், பவளக்கல் அடுக்கிய வேலிகள், பேஓபாப் என்கிற ஒரு பெருக்குமரம். நிழல் குறைவு, தண்ணீர் கொண்டுபோங்கள். இறங்கும்போதே திரும்புகிற படகின் நேரத்தைக் கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்காமல் குதிரை பார்த்துக்கொண்டு நின்று, கடைசியில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குதுறைக்கு ஓடினோம். குளிக்க ஆசையென்றால் கீரிமலை. கடலை ஒட்டியே நல்ல தண்ணீர்க் கேணி. ஆனால் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு மதில் மறைவில் இன்னொன்று. ஜோடியாகப் போய்த் தனித்தனியாகக் குளித்துவிட்டு வரலாம்.

மழை ஐப்பசி, கார்த்திகையில் பிடித்தால் வீட்டோடுதான். அது விட்டதும் பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டப்போட்டி, வீட்டளவு பட்டமெல்லாம் ஏறும். பஸ்ஸில் நெரிசலாக இருக்கும், எங்களோடு வந்துவிடுங்கள். பழக்கத்தில் வீட்டில் மீன்குழம்பு வைக்க நினைத்தால், அன்றைக்கு என்ன கிழமை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.