சிறுநீர்ப்பைப் புற்றுநோய்: கீமோ மருந்தோடு மின்சாரம் எதற்கு?

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. சிறுநீர்ப்பையில் இருந்த கட்டியைச் சிறுநீர்ப் பாதை வழியாகவே எடுத்துவிட்டார்கள். தசைக்குள் இறங்கவில்லை என்று பயாப்ஸி சொல்கிறது. இனி மைட்டோமைசின் என்ற கீமோ மருந்தை மின்சாரத்தோடு சேர்த்துச் செலுத்தலாம் என்கிறார் டாக்டர். ஷாக் அடிக்குமோ என்று அப்பா பயப்படுகிறார். வழக்கம்போல மருந்தை மட்டும் விட்டால் போதாதா?

பதில்: ஷாக் அடிக்காது, அதை முதலில் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். மின்னோட்டம் வழக்கமாக 20 மில்லிஆம்பியர்தான். அதையும் மெல்ல மெல்லத்தான் ஏற்றுவார்கள். அடிவயிற்றில் குறுகுறுப்பு இருக்கலாம். வலித்தால் சொல்லலாம், குறைத்துவிடுவார்கள்.

சரி, மின்சாரம் எதற்கு? மணிக்கணக்கில் சிறுநீரைத் தேக்கி வைத்தாலும் அது உடம்புக்குள் திரும்பக் கசியாதபடி சிறுநீர்ப்பையின் உட்பூச்சு தடுக்கிறது. மருந்தையும் அது அப்படித்தான் தடுக்கிறது. சாதாரண முறையில் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியே மருந்தை விட்டு ஒன்றிரண்டு மணி நேரம் அடக்கி வைக்கச் சொல்வோம். அதில் பெரும்பங்கு சிறுநீரோடு வெளியே போய்விடும். மின்முறையில் கதீட்டருக்குள் ஒரு மின்முனையும் வயிற்றுத் தோலில் பட்டைகளும் இருக்கும். மைட்டோமைசினுக்கு மின்னூட்டம் கிடையாது என்பதால் மின்சாரம் அதை நேரடியாகத் தள்ளுவதில்லை. மின்னூட்டம் உள்ள துகள்களான அயனிகள் நகரும்போது கூடவே தண்ணீரும் நகர்கிறது, அந்த ஓட்டத்தில் மருந்தும் சுவருக்குள் போய்ச் சேர்கிறது. அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

பலன் உண்டா? இத்தாலியில் சவினோ டி ஸ்டாசி குழு, நோய் திரும்பும் ஆபத்து அதிகமுள்ள 108 பேரிடம் செய்த ஆய்வு 2003-இல் வந்தது. ஆறு மாதத்தில் நோயின் தடயமே இல்லாமல் போனவர்கள், மருந்தை மட்டும் பெற்றவர்களில் 31 சதவீதம், மின்சாரத்தோடு பெற்றவர்களில் 58 சதவீதம், பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசிக் கிருமியைச் சிறுநீர்ப்பைக்குள் விடும் சிகிச்சை) பெற்றவர்களில் 64 சதவீதம். அதே குழு 2006-இல் 212 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு பி.சி.ஜி.யையும் மின்முறை மைட்டோமைசினையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தது. அந்தப் பிரிவில் நோய் திரும்பியது 42 சதவீதம் பேருக்கு, பி.சி.ஜி. மட்டும் பெற்றவர்களில் 58 சதவீதம் பேருக்கு. நல்ல எண்கள்தான். ஆனால் முக்கிய ஆய்வுகள் ஒரே குழுவிடமிருந்து வந்தவை. 2017-இல் எல்லாவற்றையும் தொகுத்துப் பார்த்த காக்ரன் (மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் அமைப்பு) மதிப்பாய்வும் ஆதாரத்தின் உறுதி குறைவு என்றே சொன்னது.

ஆகவே என் கருத்து இது: வெறும் மைட்டோமைசினைவிட இது மேலாக இருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் பி.சி.ஜி.க்கு மாற்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பா எந்த ஆபத்துப் பிரிவில் வருகிறார் என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆபத்து அதிகம் என்றால் பி.சி.ஜி. ஏன் இல்லை என்று தாராளமாகக் கேட்கலாம். ஆபத்து குறைவு என்றால் இவ்வளவு தூரம் போகவே தேவைப்படாது.

பேஸ்மேக்கர் இருந்தால் கட்டாயம் முன்பே சொல்லுங்கள், பொதுவாக இந்த முறை வேண்டாம் என்பார்கள். சிறுநீர்த் தொற்று இருந்தாலோ சிறுநீரில் ரத்தம் நிறையப் போனாலோ தள்ளி வைப்பார்கள்.

மருந்து ஏற்றிய பிறகு ஓரிரு நாள் எரிச்சலும், அடிக்கடி போக வேண்டும் என்ற உணர்வும் இருக்கும். பட்டை ஒட்டிய இடம் சிவந்திருக்கலாம், தானே மறைந்துவிடும். அன்றைக்கு ஆறு மணி நேரமாவது உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள். மருந்து தோலில் பட்டால் புண்ணாகும், அதனால் கையையும் பிறப்புறுப்பையும் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். உள்ளங்கையில் அரிப்பும் தடிப்பும் வந்தால் அது மைட்டோமைசின் ஒவ்வாமையாக இருக்கலாம். அடுத்த டோஸுக்கு முன்பே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். காய்ச்சல் வந்தால் அன்றே போய்விடுங்கள்.