முதலில் டயர் காற்றை இறக்குங்கள்

கேள்வி: ஜூலை விடுமுறையில் இரண்டு குடும்பங்களாகச் சேர்ந்து ஆஸ்திரேலியாவின் சிம்சன் பாலைவனத்தைக் கடக்கப் போகிறோம். ஃபோர் வீல் டிரைவ் வண்டி புதிது, இஞ்சினும் நல்ல பலம். இது போதுமா? – வாசகர், மெல்பர்ன்

பதில்: தாராளமாகப் போங்கள், ஜூலை நல்ல மாதம்தான். கோடையில், டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை, அங்கே யாரையும் விடுவதில்லை. ஆனால் இஞ்சின் பலத்தை நம்பி மணலில் ஏறாதீர்கள். அங்கே 1,100க்கும் மேற்பட்ட மணல்மேடுகள் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன, டயரில் காற்று கல்லு மாதிரி இருந்தால் எத்தனை குதிரைசக்தி இருந்தாலும் சக்கரம் சுற்றிச் சுற்றித் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். 16-லிருந்து 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கிப் பாருங்கள், டயர் நீளவாக்கில் பரவி உட்காரும், வண்டியின் பாரம் பிரிந்துவிடும், அதே மேட்டில் அலட்டாமல் ஏறும். காற்று குறைவாக இருக்கும்போது ஸ்டீயரிங்கைச் சட்டென்று ஒடிக்காதீர்கள், டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். கம்ப்ரசர் கையில் இருக்கட்டும், கிழக்கு முனையில் இருக்கும் பேர்ட்ஸ்வில் ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும்.

மேற்கிலிருந்து கிழக்கே போங்கள். மேடுகளின் மேற்குப் பக்கம்தான் சரிவு குறைவு. கடைசியில் வரும் 'பிக் ரெட்' மட்டும் 40 மீட்டர் உயரம், அங்கே பொறுமை வேண்டும். உச்சிக்கு அந்தப் பக்கம் வண்டி வருவது கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் தரையிலிருந்து 3.5 மீட்டர் உயரத்தில் கொடி கட்டச் சொல்கிறார்கள். வண்டிக்கு வண்டி பேசும் ரேடியோவை 10ஆம் சேனலில் வையுங்கள். மேற்கு முனையில் இருக்கும் மவுண்ட் டேரை விட்டால் பேர்ட்ஸ்வில் வரை, 500 கி.மீ. பக்கம், டீசல் கிடையாது, மணலில் வண்டி வழக்கத்தைவிட அதிகமாகக் குடிக்கும். தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 7 லிட்டர் என்று கணக்குப் போட்டு, அதற்கு மேலும் சில நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சாட்டிலைட் போன். இந்த மூன்றிலும் கஞ்சத்தனம் கூடாது.

கேள்வி: சாமான் நிறைய. டிரெய்லர் இழுத்துப் போகலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சாமானைக் குறையுங்கள். டிரெய்லர் மேட்டில் வண்டியைப் பின்னால் இழுக்கும், தடத்தையும் குண்டும் குழியுமாக்கிப் பின்னால் வருபவரை வதைக்கும்.

கேள்வி: மணலைத் தவிரப் பார்க்க என்ன இருக்கிறது? பிள்ளைகள் சலித்துப் போவார்களோ?

பதில்: 1962ல் நிலவியலாளர் ரெக் ஸ்பிரிக், மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் உட்காரவைத்து ஒரு நிசான் பேட்ரோலில் இதைக் கடந்தார், மோட்டார் வண்டியில் அதுதான் முதல் முறை. இரண்டு மாநிலங்களும் வடக்குப் பிரதேசமும் எல்லை கூடும் பெப்பல் கார்னரைக் காட்டுங்கள். 1880ல் சர்வேயர் பெப்பல் நட்ட கம்பம் இடம் தவறிவிட்டது, காரணம் அவருடைய அளவுச் சங்கிலி ஓர் அங்குலம் கூடுதல்! பிறகு இடம் மாற்றி நட்டார்கள். ஆனால் இவர்களுக்கெல்லாம் வெகு காலம் முன்பே வங்கங்குரு மக்கள், மிகிரி என்ற குறுகிய கிணறுகளைக் கையால் தோண்டி, இந்தப் பாலைவனத்துக்குள்ளேயே குடும்பம் நடத்தினார்கள். இதைச் சொல்லாமல் பிள்ளைகளைக் கூட்டி வந்துவிடாதீர்கள்.

அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கப்போவது டால்ஹவுசி ஊற்று, வெதுவெதுப்பான தண்ணீர், ஜூலைக் குளிரில் இறங்கினால் ஏற மனம் வராது. வேறெங்குமே இல்லாத மீன் வகைகள் அதில் இருக்கின்றன, சோப்பு மட்டும் போடாதீர்கள்.