ஹேங்கரிலிருந்து கவுன்ட்டருக்கா?

அன்புள்ள ஐயா,

விமானப்படையில் சார்ஜண்ட், இன்ஜின் ஃபிட்டர். ஏஎன்-32 என்ற இரட்டை இன்ஜின் டர்போபிராப் (டர்பைன் இன்ஜின் புரொப்பெல்லரைச் சுழற்றும்) சரக்கு விமானத்தில்தான் பெரும்பாலும் வேலை. இருபது வருட சர்வீஸ் முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. மாமனார் வீட்டில் எல்லோரும் "வந்ததும் பேங்க் பரீட்சை எழுதுங்க மாப்ளே" என்கிறார்கள். எனக்கு விமானத்தை விட மனமில்லை. ஆனால் வெளியே என்னை ஒன்றும் தெரியாதவன் போல நடத்துவார்களோ என்று பயம். எக்ஸ்டென்ஷன் கேட்டுவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

பேங்க் வேலையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் அத்தான் விமானப்படையிலிருந்து வந்து கிளார்க்காகச் சேர்ந்தவர், நிம்மதியாக இருக்கிறார். பொதுத்துறை வங்கிகளில் முன்னாள் படைவீரர்களுக்கு இடஒதுக்கீடு உண்டு. ஊர் அந்தப் பக்கமே கைகாட்டுவதற்குக் காரணம் அதுதான். ஆனால் இருபது வருடம் இன்ஜினோடு வாழ்ந்தவரை பாஸ்புக் பிரிண்டர் முன்னால் உட்கார வைப்பது எனக்கு வீணடிப்பாகத்தான் படுகிறது.

உங்கள் பயம் பாதி நியாயமானது. இன்று வேலையை முடித்து ஃபார்ம் 700 என்ற பராமரிப்புப் பதிவேட்டில் நீங்கள் கையெழுத்துப் போட்டால் பைலட் நம்பி ஏறுகிறார். அந்த அதிகாரம் படை கொடுத்தது, சீருடையைக் கழற்றும் அன்றே போய்விடும். சிவிலில் அதே கையெழுத்துக்கு டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) தரும் ஏஎம்இ, அதாவது விமானப் பராமரிப்புப் பொறியாளர் லைசென்ஸ் வேண்டும். உங்கள் வேலைக்குப் பொருந்துவது பி1.1 பிரிவு, அதாவது டர்பைன் இன்ஜின் விமானங்கள். மாட்யூல் மாட்யூலாகத் தேர்வு, ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் எடுக்க வேண்டும். படையில் பார்த்த பராமரிப்பு வேலையையும் கணக்கில் கொள்வார்கள், ஆனால் சிவில் விமானத்திலும் கொஞ்ச காலம் கை வைத்திருக்க வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு விமான வகைக்கும் தனி ரேட்டிங், அதாவது அந்த வகையில் கையெழுத்துப் போடும் தகுதி.

வெளியே வந்தபின் இதைத் தொடங்குகிறவர்கள்தான் திண்டாடுகிறார்கள். தேர்வுக்கும் வேலைக்கும் குடும்பச் செலவுக்கும் ஒரே நேரத்தில் ஓட வேண்டியிருக்கும். உங்களுக்கு இன்னும் இரண்டு வருடம் சம்பளம் வரும். யூனிட்டில் அனுமதி வாங்கிக்கொண்டு இப்போதே எழுதுங்கள். கேஸ் டர்பைன், புரொப்பெல்லர் தாள்கள் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. விமானச் சட்டத் தாளுக்குத்தான் உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும். வேலை தேடும்போது ஏடிஆர்-72 என்ற பயணிகள் விமானத்தை ஓட்டும் நிறுவனங்களையும் பாருங்கள். அதுவும் இரட்டை டர்போபிராப்தான், கைக்குச் சீக்கிரம் பழகும்.

முதல் வருடம் கசக்கும். இருபத்தாறு வயதுப் பையன் லைசென்ஸ் வைத்திருப்பான், நீங்கள் அவனுக்குக் கீழே டெக்னீஷியன். சம்பளமும் குறைவாகத்தான் இருக்கும். அங்கேதான் பென்ஷன் கைகொடுக்கும். கல்லூரி முடித்து வரும் எந்தப் பையனுக்கும் அந்த வசதி கிடையாது. பென்ஷனை வீட்டுக் கடனில் முழுசாக முடக்கிவிட்டு வராதீர்கள்.

பயோடேட்டாவில் 'சார்ஜண்ட்' என்று மட்டும் போட்டால் மனிதவளத்துறை ஆளுக்கு ஒன்றும் புரியாது. எத்தனை பேரை வைத்து வேலை வாங்கினீர்கள், என்னென்ன பரிசோதனைகள் செய்தீர்கள் என்று எழுதுங்கள். தளம், ஸ்குவாட்ரன், விமான எண் எதுவும் வேண்டாம். ஓய்வுக்கு முன், படைவீரர்களுக்கான மறுவாழ்வு இயக்ககம் நடத்தும் பயிற்சிகளுக்கும் இப்போதே விண்ணப்பம் கேளுங்கள். ஏதோ ஒரு சான்றிதழ் வந்தால் போதும் என்று கண்ட கோர்ஸில் சேர வேண்டாம், விமானப் பராமரிப்புக்கு உதவுகிறதா என்று பார்த்துச் சேருங்கள்.

எக்ஸ்டென்ஷன் விஷயம். தேர்வுகள் பாதியில் நின்றால், அதை முடிப்பதற்காகக் கேளுங்கள். மாமனார் வீட்டைச் சமாளிக்க என்றால் வேண்டாம். அதற்குள் உங்களுக்கு நாற்பதைத் தாண்டிவிடும், தேர்வு எழுதும் பழக்கமும் விட்டுப்போகும்.